பனியுண்ணி, முதல் பாகம்

அட்டைக்கு ஆயிரத்து இருநூறு என்றேன்.
பேரம் பேசவில்லை பெள்ளிராஜ்.
நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்,
புருவத்தில் தேயிலைத்தூள்.

கோத்தகிரியில், டானிங்டன் பஸ் ஸ்டாப் எதிரில் என் கடை.
அன்று காலை கையில் இருந்தவை
ஒரு கண்ணீர் அஞ்சலி,
கால்பந்துக் கோப்பைக்கு எட்டடி ஃப்ளெக்ஸ்,
முட்டைக்கோஸ் நாற்றுப் பண்ணைக்கு விசிட்டிங் கார்டு.
நடுவில் இருபது நிமிடம் கிடைத்தது
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலுக்கு.

"என்ன கதை?"
"மாயக்கதைங்கக்கா. பனியத் தின்கிற ஒண்ணு இருக்கு."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஒரு டிராகனை இறக்கினேன்.
நெருப்புக் கக்கும், இலவசம்.
சிறகின் ஓரத்தில் யாரோ ஒரு கம்பெனியின் பெயர்
அழித்தும் போகாமல் நீர்க்கறையாய் நின்றது,
அதன்மேல் ஒரு நிலாவை ஒட்டினேன்.
பின்னால் எந்த நாட்டுக் கோட்டையோ.
முன்னால் வெள்ளைக் குதிரை,
அதன்மேல் நகைக்கடை விளம்பரத்தில் மிச்சமான பெண்.
மூக்குத்தியை எடுத்துவிட்டு வாளைக் கொடுத்தேன்.
வாள் பிடித்த கையை எண்ணிப் பார்க்கவில்லை.
ஆறு விரல்.
தலைப்புக்குத் தங்கநிறம், சிவப்புக் கரை,
நிழல், நிழலுக்கும் ஒரு நிழல்.
அஞ்சலிக்குப் போட்ட அதே எழுத்துரு.

திரையை வெகுநேரம் பார்த்தார்.
"நல்லா இருக்குங்கக்கா" என்றார்.

கோவையில் அச்சு, முந்நூறு பிரதி.
ஐம்பதை என் கடையில்
லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கினார்.
உர டிப்போக்காரர் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்து
"மாட்டு உண்ணிக்கு மருந்து போட்டிருக்கா?" என்றார்.
பள்ளிப் பிள்ளைகள் விரலை எண்ணிச் சிரித்துப் போனார்கள்.
அப்போதும் நான் திறக்கவில்லை.

ஆடியில் மரம் விழுந்து
மூன்று நாள் கரண்ட் இல்லை.
வேறு வேலை இல்லாமல்
டார்ச்சைத் தாடையில் இடுக்கிக்கொண்டு திறந்தேன்.

எந்தப் பக்கத்திலும் குதிரை இல்லை.
கோட்டை இல்லை. வாள் என்ற சொல்லே இல்லை.
நெருப்பு மூட்டத் தெரியாத ஓர் ஊர்.
கெம்பி என்று ஒருத்தி, அம்மைத் தழும்பு முகம்,
கொழுந்து நிறுக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஊரார் தொலைத்த பெயர்களைத் தேடிப் போகிறாள்.
பனியுண்ணிக்கு உருவம் கிடையாது.
அது தின்ற இடத்தில் பனி விலகி
செத்துப்போன தங்கை காயப்போட்ட பாவாடை
அரைநொடி தெரியும்.
அவ்வளவுதான்.
அதற்குத்தான் ஊரே நடுங்குகிறது.

இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் டார்ச் செத்தது.
மழையில் இறங்கிப் போய்
மெழுகுவத்தி வாங்கி வந்தேன்.

முடித்தபோது இரவு இரண்டு மணி.
போனில் ஒரு கோடு சார்ஜ்.
எடுத்தார், பின்னால் ஃபேக்டரி ஜெனரேட்டர் உறுமியது.
"குதிரையே இல்லையே, பெள்ளிராஜ்."
"இல்லீங்கக்கா."
"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"
கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் மட்டும்.
"நீங்க அந்த நிலாவ இங்க வச்சுப் பாத்தீங்க, அங்க வச்சுப் பாத்தீங்க.
அவ்வளவு அக்கறையா என் கதைக்கு யாரும் எதுவும் செஞ்சதில்ல.
அதான்."

நிலா எதை மறைக்க வந்தது என்று
நான் சொல்லவில்லை.

ஐப்பசிக்குள் லேமினேஷன் கொப்பளித்துவிட்டது.
இந்த ஊர் ஈரத்தில் எதுவும் ஒட்டி நிற்பதில்லை.
வெள்ளைப் பூஞ்சை முதலில் கோட்டையை எடுத்தது,
பிறகு குதிரையின் பின்னங்கால்களை.
டிராகன் வாயில் நெருப்பிருந்த இடம் வெறும் வெளுப்பு.
பெண்ணுக்கு மூன்று விரல்தான் பாக்கி.

துடைக்கத் துணியோடு உட்கார்ந்திருந்தேன்.
இரண்டாம் பாகம் பற்றிப் பேச வந்தவர்
"இருங்க தபித்தாக்கா" என்று துணியை வாங்கி வைத்தார்.
ஒரு பிரதியை ஜன்னல் பக்கம் சாய்த்து
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
பிறகு, முதல்முறையாக,
பேரம் பேசுகிறவர் குரலில் கேட்டார்:
"இத ஸ்கேன் பண்ண எவ்வளவு?"